எதிர் நாற்காலி

தபால் வழியே வேதாகம மேற்படிப்பு படித்த இஸ்ரவேல், 1954-இல் ஐந்தாம் முறையாகப் பரீட்சை எழுதினார். மைசூரில் தன் வீட்டிலேயே எழுதலாம். ஆனால் ஒரு போதகர் மூன்று மணி நேரமும் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும், அதுதான் விதி.

அடுத்த தெரு போதகர் மாசில்லாமணி வந்தார். போன பரீட்சைக்குப் பிறகு இன்றுதான் இந்த வாசலை மிதிக்கிறார்.

"எனக்கே எபிரேயத்தைத் திருத்துறீர். பரீட்சையில மட்டும் ஏன்யா மண்ணைக் கவ்வுறீர்?"

"காபி ஆறுது, ஐயா."

நேரம் முடிந்தது. உறையிலிடும் முன் போதகர் முதல்முறையாக விடைத்தாளைப் புரட்டினார். எல்லா விடையும் சரி. எல்லாவற்றையும் இஸ்ரவேலே குறுக்கே அடித்திருந்தார்.

"என்னய்யா இது?"

"தேறிட்டா அடுத்த வருஷம் இந்த நாற்காலியில யார் உட்காருவாங்க?"

போதகர் உறையை ஒட்டிக் கையெழுத்துப் போட்டார்.

"அடுத்த வருஷம் சர்க்கரையைக் கொஞ்சம் குறைச்சுப் போடும்."