நிமியாவின் வியாழக்கிழமை

"பாரு, மகாராணி இன்னிக்கும் வண்டி ஏறிட்டா!"

பெண்கள் சிறையின் வாசலில் வேர்த்து ஊற்றிக்கொண்டு நின்றாள் காவலர் சுனில்டா. சிறை வேன் சக காவலர் நிமியாவை ஏற்றிக்கொண்டு தலைநகர் அசுன்சியோனுக்குக் கிளம்பியது. வியாழன் வந்தால் இப்படித்தான்.

"கைதி யாரையாவது கூட்டிட்டுப் போவா," என்றாள் கூட நின்ற எவெலியா.

"எந்தக் கைதி? தனியாத்தான் போறா. எனக்கு இங்க ஒன்பது வருஷம் சர்வீஸ். பிள்ளை பெத்து லீவு முடிஞ்சு வந்தேன், மூணு மாசமா வெயில்ல காயுறேன். அவ வந்தே எட்டு மாசம்தான். அவளுக்கு மாமரத்தடிக் கொட்டடியில டூட்டி, பன்னெண்டே கைதி, தலைக்கு மேல ஃபேன்!"

வயிறு எரிந்தது. நியாயம் கேட்கிறேன் என்று சொல்லிக்கொண்டாள். அசல் பொறாமைதான்.

தெரெரே என்கிற குளிர்ந்த மூலிகைத் தேநீர் குடிக்கும் நேரத்தில் இன்னும் எரியும். ஒரே குவளை, ஒரே உறிஞ்சுகுழல், எல்லாரும் கை மாற்றிக் குடிப்பார்கள். நிமியா மட்டும் தன் முறை வருவதற்குள் "நன்றி" என்று எழுந்துவிடுவாள். அங்கே நன்றி சொன்னால், 'எனக்குப் போதும்' என்று அர்த்தம். அவள் ஒரு வாய்கூடக் குடித்ததில்லை.

"நம்ம எச்சி அம்மாவுக்கு ஆகாது. அவளைத் துரத்தினாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

"வேணாம்டி. இந்த வருஷம் பதினோரு பேர் வேலையை விட்டுட்டாங்க. இன்னொருத்தி போனா நமக்கு லீவே கிடையாது."

"கிடைக்காட்டிப் போகட்டும்!"

அன்றைக்கே புகார் எழுதி அதிகாரி பெர்லாவிடம் நீட்டினாள். படித்த பெர்லா, "கதவைச் சாத்து," என்றார்.

சாத்தினாள்.

"நீ லீவுல இருந்தப்போ அந்தக் கொட்டடியில காசநோய் வந்துடுச்சு. வேலையை விட்டதுல நாலு பேர் அங்க டூட்டி போட்டதும் ஓடினவங்க. விஷயம் தெரிஞ்சா மிச்சப் பேரும் ஓடுவீங்கன்னு, நிமியாவைத் தவிர எல்லார்கிட்டயும் நான்தான் வெறும் காய்ச்சல்னு சொல்லி வச்சேன்."

"அப்போ வியாழக்கிழமை..."

"ஆஸ்பத்திரி. அவளுக்கும் ஒட்டிக்கிச்சு. மாத்திரை சாப்பிடறா, இனிமே பரவாதுன்னு டாக்டரே சொல்லிட்டார். அப்பவும் உங்க குவளையில வாய் வைக்க மாட்டேங்கறா."

 சுனில்டா அப்போதும் விடவில்லை.

"புதுசா வந்தவளை ஏன் மேடம் அங்க போட்டீங்க?"

"நான் எங்க போட்டேன்?"

பெர்லா பணிப் பதிவேட்டில் சுனில்டா லீவு முடிந்து வந்த நாளின் பக்கத்தைத் திருப்பி அவள் முன் தள்ளினார்.

மாமரத்தடிக் கொட்டடிக்கு நேரே 'சுனில்டா' என்று எழுதியிருந்தது. அதை அடித்துவிட்டு, கீழே நிமியாவின் குண்டுக் கையெழுத்து:

'அக்காவுக்குப் பால் குடிக்கிற பிள்ளை இருக்கு. நான் நிக்கறேன்.'