இத்துப்போன நூல்

"இன்னாடி இது, தொட்டாலே அறுவுது?" தரணி கையிலிருந்த நூலைப் பார்த்து அவள் கணவன் வேணு கேட்டான்.

"அறுவட்டும். முதல் தண்ணியிலயே போர்வை பிரிஞ்சு தொங்கணும்."

கைவேலைகளை மாற்றிக்கொள்ளும் வாட்ஸ்அப் குழுவில், பஞ்சு வைத்துப் போர்வை தைக்கத் தெரிந்தவள் நகரி தரணி ஒருத்திதான். திருப்பதி சுஷ்மிதா ஒட்டுத்துணிகளை இணைத்து, பஞ்சு வைத்துத் தைத்துத் தரச் சொல்லி அவளுக்கே அனுப்பியிருந்தாள்.

"போன வருசம் நான் பின்னின பையை வாங்கிக்கினு, பதிலுக்கு ஒரு கைக்குட்டைகூட அனுப்பல. இப்ப மாட்டினா!"

"மாசமா இருக்கறப்ப இவ்ளோ கோவம் ஆவாதுடி. அது யாருக்குப் போவுதோ!"

"யாருக்குப் போனா இன்னா? அங்க அவ மானம் போவட்டும்."

தைத்து அனுப்பியபோது, "சாமி கும்பிட்டுத் தைச்சேன்கா" என்று ஒரு செய்தியும் போட்டாள்.

வளைகாப்பு அன்று சுஷ்மிதா நேரிலேயே வந்து நின்றாள். கையில் அதே போர்வை.

"உன் குழந்தைக்குத்தான் தரணி. போன வருசம் நீ பை அனுப்பினப்ப எங்கம்மா சாகக் கிடந்தாங்க, உனக்கு எதுவும் அனுப்ப முடியல. அந்தக் குறை மனசுல இருந்துகினே இருந்துச்சு."

தரணி போர்வையைக் கையில் வாங்கினாள்.

"புதுத் துணியில பச்சப்புள்ளையைப் படுக்க வெக்கக் கூடாதேன்னு ஒரு தண்ணி அலசினேன். என் முரட்டுக் கை, நீ போட்ட தையலெல்லாம் பிரிஞ்சிடுச்சு. மன்னிச்சுக்கம்மா. நானே திரும்பத் தைச்சேன், கோணலாத்தான் இருக்கும்."

தரணி ஒரு கோணல் தையலை விரலால் இழுத்துப் பார்த்தாள்.

அது அறுபடவில்லை.