நாலாவது ஆள்

"டாக்டர், அந்த லிஸ்ட்ல கையெழுத்துப் போட்டுடாதீங்க!"

மூச்சிரைக்க வந்து நின்றாள், மருத்துவமனையில் சேர்ந்து ஒரு மாதமே ஆன புரோகிராமர். பெரிய டாக்டரின் பேனா அந்தரத்தில் நின்றது.

"சிறுநீரகம் வந்துக்கிட்டே இருக்கும்மா. ரெண்டு மணி நேரத்துல ஆபரேஷன். என்ன விஷயம்?"

"பொருந்துறவங்கள்ல அதிக நாள் காத்திருக்கிறவருக்குத்தானே முதல் இடம்? இதுல முதல் ஆள் தொண்ணூத்தாறு நாள். நாலாவது ஆளைப் பாருங்க."

டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பெயர்கள் இல்லை, நோயாளி எண்கள்தான். நாலாவது ஆள், நானூற்றுப் பன்னிரண்டு நாள். பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

"நேத்து மாத்தின புரோகிராம் நாள் கணக்கை எண்ணா பார்க்கல, எழுத்தா பார்க்குது. முதல் எழுத்தை மட்டும் பார்த்தா நாலைவிட ஒன்பது பெரிசுதானே? ரெண்டு பேர்ல யார் முன்னாலன்னு எப்படி முடிவு பண்றதுன்னு நாமதான் ஒரு ஃபங்ஷன் எழுதிச் சொல்லணும். பத்தே நிமிஷம் குடுங்க."

அங்கேயே உட்கார்ந்து தட்டினாள். மூன்றே வரி. நானூற்றுப் பன்னிரண்டு மேலே ஏறி உட்கார, தொண்ணூற்றாறு ஏழாம் இடத்துக்குச் சரிந்தது. டாக்டர் விரல் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

"நல்லவேளை, பிழைச்சோம்! ஆனா…" அவர் குரல் இறங்கியது. "தொண்ணூத்தாறு நாள்காரரை வரச் சொல்லியாச்சு. வெளியே காத்துக்கிட்டு இருக்கார். எந்த முகத்தை வெச்சுக்கிட்டு அவர்கிட்ட சொல்றது?"

"நானே சொல்றேன், டாக்டர்."

தனியே அனுப்ப மனசு கேட்காமல் டாக்டரும் பின்னாலேயே போனார். அந்த மெலிந்த மனிதரின் எதிரே மண்டியிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள் அவள். அந்த மனிதர் சட்டென்று எழுந்து நின்றார். வெடிக்கப் போகிறார் என்று பயந்து டாக்டர் குறுக்கே புகுந்தார்.

"இந்தப் பொண்ணு மேல கோபப்படாதீங்க. தப்பு புரோகிராம்ல. இவங்க அதைக் கண்டுபிடிச்சுத் திருத்தினவங்க."

"கோபமா?" அவர் கண் கலங்கியிருந்தது. முகமோ மலர்ந்திருந்தது. "நானூறு நாளா காத்திருக்கிறவரோட இடத்தைப் பிடுங்கி எனக்குக் குடுத்திருந்தாத்தான் கோபம் வந்திருக்கும்."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நடைபாதை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"இவ என் பொண்ணு, டாக்டர்!"