தொடாதீங்க சிஸ்டர்

மற்ற நர்ஸ்களுக்கே பாடம் எடுக்கும் மெரேயனா மேல் லூப்பேவுக்குச் சந்தேகம். புற்றுநோய் மருந்துக்காக மகளின் நெஞ்சில் பதித்திருந்த குழாயைப் பராமரிக்க லூப்பே கற்றுத் தேர்ந்தும், வீட்டுக்கு அனுப்ப அவர் சம்மதிக்கவில்லை. நேற்று தரையில் விழுந்த கையுறையை எடுத்து மாட்டப் போனவர், லூப்பேவை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் குப்பையில் போட்டார்.

"அந்தம்மாவுக்குக் கவனமே இல்ல. கேக்கப் போறேன்."

"சொல்லித்தர்றவங்களையே கேள்வி கேப்பியா?" கணவன் சீறினான். "சமோவாவை விட்டு ஆக்லாந்து வந்ததும் மரியாதை போயிடுச்சா?"

இன்று மெரேயனா கை கழுவாமலே குழாயின் மூடியைத் திறக்கப் போனார். லூப்பே அவர் கையைப் பிடித்துவிட்டாள்.

"கை கழுவாம என் பிள்ளையைத் தொடாதீங்க சிஸ்டர்."

கணவன் பதறி மன்னிப்புக் கேட்டான். மெரேயனாவோ சிரித்தார்.

"வேலையெல்லாம் நீ எப்பவோ கத்துக்கிட்ட, லூப்பே. தட்டிக் கேக்கறதுதான் பாக்கி இருந்துச்சு. நாளைக்குப் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."