சபையில் சொன்ன சொற்கள்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் நான், என் தம்பி, தம்பியின் மகள், அவளுடைய தாய்மாமன், சோதனைக்கு வந்தவர். வேறு யாரும் இல்லை.

தம்பியின் மகள் கணினியில் வரைகிறவள். மழையில் நிற்கும் பேருந்து, உள்ளே தூங்குகிறவர்கள். அந்த ஒரு படத்துக்கே ஒரு மழைக்காலம் முழுதும் போயிற்று. அதன் உரிமை, என்.எஃப்.டி. என்கிற மின்னணுப் பத்திரமாக, படங்கள் விற்கும் ஓர் இணையச் சந்தையில் அவள் பெயரில் பதிவாகியிருந்தது.

அது திருட்டுப் படம் என்று புகார் போயிருப்பதாக, அந்தச் சந்தையின் ஆள் என்று வந்தவர் சொன்னார்.

எங்கள் குடும்பத்தில் யாரும் திருட்டு என்ற வார்த்தையைக் கேட்டதில்லை. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அவர் மரியாதையாகத்தான் பேசினார். உரிமைக்குச் சாவி போலச் சில ரகசியச் சொற்கள் உண்டாம். உண்மையான சொந்தக்காரருக்கு மட்டுமே அவை தெரியுமாம். சொன்னால், தம் கணினியில் சரிபார்த்துப் புகாரை இங்கேயே முடித்துவிடுவாராம்.

அவள் மாட்டேன் என்று தலையசைத்தாள். முகம் வெளுத்துவிட்டது.

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்று தாய்மாமன் சுவரைப் பார்த்துச் சொன்னார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் எனக்கும் சந்தேகம் வந்தது. நிஜமாகவே வேறொருவர் படத்தை எடுத்துவிட்டாளோ?

“அத யார்கிட்டயும் சொல்லக் கூடாது பெரியப்பா. உங்ககிட்டகூட.”

“நம்ம வீட்டுல பூட்டி வைக்க என்னம்மா இருக்கு? சபையில சொல்லு.”

சொன்னாள். எல்லாம் பள்ளிக்கூடத்துச் சாதாரண ஆங்கிலச் சொற்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு நிறுத்தி என்னைப் பார்த்தாள். மேலே சொல் என்று தலையசைத்தேன்.

வந்தவர் தட்டச்சு செய்துகொண்டே வந்தார். கடைசிச் சொல் முடிந்ததும், படம் இந்தப் பெண்ணுடையதுதான், சந்தேகமே இல்லை என்றார்.

எனக்கு மூச்சு வந்தது. வாசல்வரை போய்க் கைகொடுத்து அனுப்பினேன்.

திரும்பியபோது அவள் கைபேசியைப் பார்த்தபடி நின்றிருந்தாள். படத்தின் கீழே, சொந்தக்காரர் என்ற இடத்தில் அவள் பெயர் இல்லை. எழுத்தும் எண்ணும் கலந்து, வேறு யாருடையதோ கணக்காக, ஒரு நீண்ட வரி இருந்தது. அந்தச் சொற்கள் தெரிந்தவர் எவரும் உரிமையைத் தம் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாமாம்.

சந்தையின் அலுவலகத்தைத் தொலைபேசியில் கேட்டோம். அவர்கள் யாரையும் அனுப்பவில்லை. புகார் என்று எதுவும் வரவுமில்லை.

திருட்டை ஒப்புக்கொண்டு அவளே படத்தைக் கொடுத்துவிட்டதாக உறவில் பேசிக்கொள்கிறார்கள்.

அவள் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. என் பேச்சைத் தட்டவில்லை, அவ்வளவுதான்.