பயம் இருக்கட்டும்

“ஆறு மாசமா அந்த மனநல ஆலோசகர்கிட்ட போறே. பயம் போச்சா?” செருப்பை மாட்டிக்கொண்டிருந்த மனைவியிடம் கேட்டான் கணவன்.

“போகல.”

“அப்புறம் என்ன வைத்தியம் அது?”

“பயத்தைப் போக்குறேன்னு அவங்க சொல்லவே இல்லங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும், அது போற வரைக்கும் காத்திருக்காம உங்களுக்கு எது முக்கியமோ அதைச் செய்யுங்கன்னாங்க.”

“கை எப்படி உதறுது பாரு! தெருவைத் தாண்டுறதுக்குள்ள மயங்கி விழுவே. பேசாம வீட்டுலயே இரு. நான்தான் இருக்கேனே.”

“உதறட்டும்” என்று அவள் படியிறங்கினாள்.

தெருமுனை வருவதற்குள் நெஞ்சு படபடத்தது. திரும்பிவிடு என்று மனம் கெஞ்சியது. கெஞ்சட்டும் என்று விட்டுவிட்டு நடந்தாள். இரண்டு தெரு தள்ளியிருந்த காவல் நிலையத்துக்குள் நுழைந்து, மேசைக்கு முன் உட்கார்ந்தாள்.

பெண் இன்ஸ்பெக்டர் தண்ணீரை நகர்த்தி வைத்தார். “யார் மேல புகார்?”

அவள் சுடிதாரின் முழுக்கையைச் சுருட்டினாள். முழங்கைவரை புதிதும் பழையதுமாகச் சூடு வைத்த காயங்கள்.

“என் புருஷன் மேல.”

இன்ஸ்பெக்டரின் குரல் தணிந்தது. “பயப்படாம சொல்லுங்கம்மா.”

“பயமாத்தான் இருக்கு மேடம்” என்றாள் அவள். “நான் சொல்றேன், நீங்க எழுதிக்குங்க.”