மேல் ஸட்ஜம்

மூன்று வருடங்களாக, மேல் ஸட்ஜம் வரும்போதெல்லாம் ஹேமாம்புஜம் வாயை மட்டும் திறப்பாள். பின்பாட்டுக்கு உட்காரும் தங்கை குமுதாதான் அந்த உச்ச ஸ்வரத்தைப் பாடுவாள். வெளியே தெரிந்தால் நாற்பது வருடப் பெயர் போச்சு.

இன்றைய கச்சேரியில் வயலின்காரர் வாசித்துக்கொண்டிருக்கையில், ஹேமா வழக்கம்போல் இடது கையைப் பின்னால் நீட்டிச் சைகை காட்டினாள். குமுதா அந்தக் கையை இறுகப் பற்றிக்கொண்டு காதருகே குனிந்தாள்.

"அக்கா, எனக்கும் மேல எட்டல. போன மூணு கச்சேரியிலயும் சும்மா வாயத்தான் அசைச்சேன்."

"அடிப்பாவி! அப்போ பாடினது யாருடி?"

"நீதான்னு நெனச்சேன்!"

வயலின் நின்றது. சகோதரிகள் இருவரும் வாயை இறுக மூடிக்கொண்டார்கள்.

கணீரென்று எழுந்தது ஸட்ஜம், ஹேமாவின் முதுகுக்கும் குமுதாவின் முகத்துக்கும் நடுவிலிருந்து.